தாலிக்கொடியும் ரெண்டு உருளையும்

பராமட்டா ஆறு பெருகி ரோட்டுக்கு ஏறின மழை ஒண்டு பெய்ததெல்லே, அந்த மழை விட்ட கிழமைதான் என்ரை மனிசியின்ரை கை போனது. அப்ப வெஸ்ட்மீட்டில ஒரு இத்தாலிக் கிழவியின்ரை வீட்டுப் பின்பக்கம் வாடகைக்கு இருந்தனாங்கள். கிழவியின்ரை புருசன் செத்துப்போச்சு. எண்டாலும் அந்தாள் வைச்ச தக்காளிப் பாத்திக்கு, மழை பெய்தாலும் தண்ணி விடுவா. அது வேறை கதை.

உடுப்புத் தோய்க்க அவவின்ரை பழைய மெஷின்தான். வட்டத் தொட்டி. உள்ளுக்குத் துடுப்பு மாதிரி ஒண்டு, இஞ்சாலையும் அங்காலையும் திரும்பித் திரும்பி உடுப்பை அலசும். தொட்டிக்கு மேலை ரெண்டு றப்பர் உருளை, ஒண்டுக்கு மேலை ஒண்டு சுத்தும். ஈர உடுப்பின்ரை நுனியைக் குடுத்தாப் போதும், தானே இழுத்துப் பிழிஞ்சு, அங்காலை அப்பளம் மாதிரித் தள்ளும். தண்ணி திரும்பத் தொட்டிக்கை விழும். உருளைக்கு மேலை ஒரு கம்பி. அதிலை அடிச்சா உருளை ரெண்டும் விலகும். கிழவி அடிச்சுக் காட்டினவ.

"முதல் இதை அடி, பிறகு கத்து."

மனிசி சிரிச்சவ.

மழையால உடுப்புக் குவிஞ்சு கிடந்தது. என்ரை சாரத்தைக் குடுக்கக் குனியேக்கை, தாலிக்கொடி சட்டைக்கு வெளியாலை தொங்கி, சாரத்தோடை உருளைக்குள்ளை போயிட்டுது. கழுத்து இழுபடுது. கம்பியில அடிக்க ஒரு கை போதும். அவ ரெண்டு கையாலையும் கொடியைத்தான் பிடிச்சவ. கொடியோடை வலக்கையும் போனது.

"இஞ்சேருங்கோ!"

நான் குசினிக்குள்ளை இருந்து ஓடிவந்து கம்பியில அடிச்சன். அதுக்கிடையில கை முழங்கை வரைக்கும் உள்ளுக்குப் போயிட்டுது.

ஆஸ்பத்திரியில, கழுத்து வீங்குது, கொடியைக் கழட்டவேணும் எண்டவை. இவ விடமாட்டா.

"வேண்டாமப்பா, உங்களுக்கு ஆகாது."

"விசரி, கையைப் பாரடி!"

நான்தான் கழட்டினனான்.

கை பிறகு சரிவரேல்லை. விரல் மடங்காது. சோறு குழைக்க ஏலாது, கரண்டியாலை இடக்கையில சாப்பிடுவா. ஆரும் வந்தா அவையோடை இருந்து சாப்பிடமாட்டா. போன வருசம் சாகுமட்டும் அப்பிடித்தான்.

தம்பி, ஹரிஸ் பார்க்கில உனக்குத் தெரிஞ்ச அந்தச் சோடி, அப்பிடி ஒரு மெஷினை வாங்கித் திருத்தி ஓட்டுதுகளாம், பழசு பாக்க வடிவெண்டு. அந்தப் பிள்ளையும் கொடி போட்டிருக்கு, கண்டனான். தோய்க்கேக்கை கழட்டி ஆணியில கொழுவச் சொல்லு. புருசனுக்கு ஒண்டும் ஆகாது. அண்டைக்குக் கழட்டினது, நான் இன்னும் இருக்கிறன். அவதான் இல்லை. மறக்காமல் சொல்லு.