தரையில் வைக்கக் கூடாத சொம்பு

அருப்புக்கோட்டை சென்னய்யாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்த நெசவாளர் தெருவில் பார்க்க முடியாது. தறிக்குழியில் காலை விடும் முன் பாம்பு கிடக்கிறதா என்று தினமும் குச்சியால் தட்டிப் பார்ப்பான். இடி இடித்தால் நெசவைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவான். அப்பேர்ப்பட்டவன்தான், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பழைய சைக்கிளில் துங்கபத்திரைக் கரைக்குப் புறப்பட்டான்.

எல்லாம் அவன் பெண்சாதி லிங்கம்மாள் செய்த வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பெண் பிறந்ததும் அவள் குலதெய்வம் சௌடம்மனிடம் நேர்ந்துகொண்டாள். முன்னோர் ஹம்பியிலிருந்து வந்த பாதையிலேயே போய் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, பிள்ளை தலையில் வைத்துத்தான் பேர் வைப்பது. தண்ணீர்ச் சொம்பு வழியில் தரையில் படக்கூடாது. நேர்ந்துகொண்டது அவள், போக வேண்டியது இவன்!

ரயிலில் போனால் பாதை மாறிவிடும். நடந்து போனால் அவன் திரும்பும்வரை அந்த நோஞ்சான் பிள்ளை தாங்குமா? சைக்கிளில் போகலாமா என்று தெருவே கூடிப் பேசியது. "மிதிக்கிறது அவன் காலுதானப்பா? அதுவும் நடைதான்" என்று நாட்டாண்மை வீரபத்திரன் முடித்துவைத்தார்.

முன்னோர் தங்கி வந்த ஊர்களை அவன் வீட்டுக் கல்யாணங்களில் பாக்கு மாற்றும்போது வரிசையாகச் சொல்வார்கள். சென்னய்யாவுக்கு அது மனப்பாடம். திம்பம் மலையில் யானை நிற்கும் என்று அந்த வரிசையில் யாரும் சொல்லிவைக்கவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் கேட்டபோதெல்லாம் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். அதைவிடப் பெரிய பயம், வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறதோ என்பது. எதிரே வருகிறவர்கள் கெட்ட சேதியோடு தன்னைத் தேடித்தான் வருகிறார்களோ என்று முகம் முகமாகப் பார்த்தான். ஹம்பியில் கோபுரத்தையும் கல் மண்டபத்தையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், சொம்பை நிரப்பித் துணியால் வாய் கட்டி, மேலே இன்னொரு பழந்துணியைக் கனமாகச் சுற்றி, அன்றைக்கே திரும்பிவிட்டான்.

வரும்போது சொம்பு ஹாண்டில்பாரில் கயிற்றில் தொங்கியது. ஓய்வெடுத்தால் மரக்கிளையில் தொங்கியது. திண்டுக்கல்லில் பின்சக்கர டயர் வாய் பிளந்தது. சண்டைக் காலத்தில் புது டயருக்கு எங்கே போவது? கிழிந்த இடத்தில் துணியைப் பல சுற்றுச் சுற்றி, தறியில் பாவு நூலுக்குப் போடுவது போல அரிசிக் கஞ்சியை ஏற்றிக் காயவைத்தான். கட்டை மாதிரி இறுகிவிட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

காரியாபட்டியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கூழ் குடித்தான். கண்ணெல்லாம் சொம்பின் மேலேயே இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு டயரில் சுற்றிய கஞ்சித் துணியைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

மல்லாங்கிணறு விலக்கு தாண்டி, கரிசல் காட்டு நடுவில் டயர் வெடித்தது. சென்னய்யா ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். சொம்பு கயிறு அறுந்து, வாய்க்கட்டு அவிழ்ந்து உருண்டது. பாய்ந்து எடுத்தான். உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெடிப்பு விட்ட கரிசல் அத்தனையையும் குடித்துவிட்டது. நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

பருத்திக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த சம்சாரி தவசி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்குப் போயா அழுகீரு? எங்க கிணத்துல மோந்து தாரேன். தண்ணி வாய் தொறந்து பேர் சொல்லவா போகுது?" என்றார்.

சென்னய்யாவுக்கு ஒரு கணம் மனம் ஆடத்தான் செய்தது. பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்ததும் வேகமாகத் தலையை ஆட்டினான். "வேண்டாம்யா. ஆத்தாளை ஏய்ச்சா அவ பிள்ளையையில்ல கேப்பா?"

அப்போதுதான் சொம்பில் சுற்றியிருந்த துணி கையில் ஈரமாகத் தட்டுப்பட்டது. மேல்புறத்தில் மண் ஒட்டியிருந்தது. மண் படாத உள்சுற்று முழுக்க ஆற்றுத் தண்ணீர் ஊறியிருந்தது.

"அட, இருக்கேய்யா! ஆனா இந்த வெயிலு விட்டுவைக்காது, ஓடும்!" என்று தவசி சொம்பிலிருந்து துணியைக் கழற்றி, வரப்போரத்து ஆமணக்கு இலைகளைப் பறித்துச் சுற்றிப் பொட்டலமாக்கிக் கொடுத்தார்.

சென்னய்யா சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. பாலையம்பட்டி வருவதற்குள் இலைகள் வாடிவிட்டன. விரலை உள்ளே விட்டுப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். கைவேர்வை பட்டுவிடக் கூடாதென்று பொட்டலத்தை நுனி விரல்களில் ஏந்திக்கொண்டு ஓடினான். தெருவுக்குள் நுழைந்ததும் ஒப்பாரி கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். கேட்கவில்லை. பிள்ளை அழுகிற சத்தமும் இல்லை. அதற்கும் பயந்தான்.

லிங்கம்மாள் பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். பிள்ளை துவண்டு தோளில் கிடந்தது.

"தண்ணி எங்க?"

பொட்டலத்தை நீட்டினான். "விழுந்துட்டேன் லிங்கம்மா. சொம்பு தரையில பட்டுருச்சு. தண்ணியெல்லாம் போச்சு. இதுல ஊறுனது மட்டுந்தான்."

அவள் புழுதியும் ரத்தமுமாக இருந்த அவன் முழங்காலைப் பார்த்தாள். துணியைப் பிரித்தாள். முதல் சுற்று மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி மடிப்பைப் பிரித்துப் பிள்ளையின் உச்சந்தலையில் அழுத்தி வைத்தாள். காதோரம் குனிந்து, துங்கபத்திரையின் பேரையே வைத்து, "பத்ரம்மா, பத்ரம்மா, பத்ரம்மா" என்றாள்.

பிள்ளை சிலிர்த்தது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதது. செத்துப்போன இரண்டும் ஒரு நாளும் அப்படி அழுததில்லை.

சென்னய்யா பதறிப்போய்ப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான்.

"விடுங்க, அழட்டும்" என்றாள் லிங்கம்மாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "ஈரம் பட்டுருச்சு."