பள்ளமான இடம்

எங்கள் பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வருகிறார் என்றால் அன்று புதிதாக எதுவும் நடத்தக் கூடாது. போன வாரமே நடத்தி, பிள்ளைகள் ஒப்பித்து முடித்த பாடத்தை, அப்போதுதான் முதன்முதலாக நடத்துவதுபோல நடத்த வேண்டும். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்கும். பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. வலது கையாகப் பார்த்து எழுப்புவதுதான் ஆசிரியையின் சாமர்த்தியம். மயிலாப்பூரில் இந்தக் கூத்தைப் பல வருஷம் வெட்கமில்லாமல் ஆடினோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஆய்வுக்கு என் ஒன்பதாம் வகுப்பு புவியியல் மாட்டியது. புவி வெப்பமடைதல் பாடத்தை எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை. மற்ற நாளில் அதை யாரும் சீண்ட மாட்டோம். பரீட்சைக்கு வராது என்று சாய்ஸில் விட்டுவிடுவோம். ஆனால் படம் வரைந்து மாட்ட வசதியான பாடம். பனி உருகும், கடல் மட்டம் உயரும், பள்ளமான இடங்கள் மூழ்கும்.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஒரு பெண் அந்த வகுப்பில் படித்தாள். குடிசைகளை எடுக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு. அவர்களுக்கென்று ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி வீடு கட்டி வைத்திருந்தார்கள். அங்கே போனால் தன் படிப்பு நின்றுவிடும் என்று என்னிடம் சொல்லி அழுதிருந்தாள்.

ஆய்வு நாளன்று, "கடல் மட்டம் உயர்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவள் வலது கையைத் தூக்கினாள். பிசகாமல் பதில் சொன்னாள். அதிகாரிக்குச் சந்தோஷம். "வெரி குட். ஏதாவது சந்தேகம் இருந்தா கேளும்மா" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எல்லா அதிகாரிகளும் சொல்வது.

அவள் கேட்டுவிட்டாள்.

"சார், எங்க வூட்டை எட்த்துட்டு வேற எடத்துக்கு அனுப்பப் போறாங்களாம். நாங்க போய்ப் பார்த்தோம் சார். ஆத்தாண்ட இருக்கறதை விட அது பள்ளமா கீது. பள்ளமான எடம் முழுகும்னு பாடத்துல போட்டுக்கீதே, அப்புறம் இன்னாத்துக்கு சார் எங்களை அங்க அனுப்புறாங்க?"

'கீது'வைக் கேட்டு வகுப்பு சிரித்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடத்துல இருக்கறதை மட்டும் கேளும்மா."

"பாடத்துலதான் சார் இருக்கு" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மாலையில் தலைமையாசிரியை அறையில் எனக்கு நல்ல அர்ச்சனை. "பதிலைச் சொல்லிட்டு வாயை மூடிண்டு உட்காரத் தெரியாத பொண்ணை எதுக்கு எழுப்பினேள்?" என்றார். வேறு எவளை எழுப்புவது? மற்றவர்கள் பாடத்தை ஒப்பித்தார்கள், இவள் படித்தாள்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே குடிசைகளைக் காலி செய்ய லாரி வந்தது. அவளும் அம்மாவும் டி.சி. வாங்க வந்தார்கள். "அங்கேர்ந்து ரெண்டு பஸ்சு மாறணும் மிஸ். வயசுப் பொண்ணு. இருட்டுல வந்துகினு போய்க்கினு இருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் அம்மா.

அவர்களை வெளியே நிற்கவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். பக்கத்தில் ஏதாவது விடுதியில் இடம் கேட்டுப் பார்க்கலாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். தலைமையாசிரியை என் எதிரிலேயே டி.சி.யில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

"நல்லதாப் போச்சு. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவ இருக்க மாட்டா."

நான் வெளியே வந்ததும் அவள் ஓடி வந்தாள். "இன்னா மிஸ் சொன்னாங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றேன்.