மஞ்சள் காரும் மிஞ்சிய வளையமும்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. பதுளையில் எனக்குச் சின்னதாக ஒரு கராஜ். பஸ், லொறி எஞ்சின்கள்தான் என் பிழைப்பு. ஒரு நாள், டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். "லுணுகலை பக்கம் எங்க பங்களாவுல ஒரு கார் நிக்குது தம்பி, வந்து பாக்குறீங்களா?" என்றார்.

ஏதோ பழைய கார் என்று நினைத்துத்தான் போனேன். தார்ப்பாயை இழுத்துப் பார்த்தால்... இத்தாலிய சூப்பர் கார்! மஞ்சள் நிறம், இடுப்பளவு உயரம், சீட்டுக்குப் பின்னால் எட்டு சிலிண்டர் எஞ்சின். அவர் கணவர் ஆசையாக வாங்கியதாம். அவர் இறந்தபின் இருபது வருடமாக யாரும் தொடவில்லை. எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. எஞ்சின் இறுகிப்போய் அசையவே இல்லை. பாகம் பாகமாக விற்கத்தான் உதவும் என்று கொழும்பு வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

"சித்திரை வரைக்கும் பாப்பேன். ஓடலைன்னா அந்த வியாபாரிக்கே குடுத்துருவேன்" என்றார் அம்மா.

காரை என் கராஜுக்குக் கொண்டுவந்து, பத்து மாதம் அந்த எஞ்சினோடுதான் வாழ்ந்தேன். தையல் வேலை செய்யும் என் மனைவி, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பைகளில் போட்டு எழுதி வைத்தாள். இத்தாலியிலிருந்து வந்த புதிய பாகங்களையும் அவள்தான் எண்ணி எடுத்துவைத்தாள். சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

"ஏங்க, இது ஒண்ணு மிஞ்சியிருக்கே" என்று ஒரு பையை நீட்டினாள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் ஆணி நழுவாமல் தடுக்கும் சிறிய கம்பி வளையம். எட்டு பிஸ்டன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

"கூட ஒண்ணு போட்டு அனுப்பியிருப்பாங்க."

"இல்லைங்க. பதினாறுதான் வந்துச்சு. நான் எண்ணினேன்."

எரிந்து விழுந்தேன். இருபத்தைந்து வருட அனுபவம் எனக்கு! அவள் பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். சாவியில் கை வைத்தேன், திருப்ப மனம் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, "நான் தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்மா. திரும்பப் பிரிக்கணும், ஒரு வாரம் ஆகும்" என்றேன். சித்திரை பிறந்ததும் காரை ஏற்றிப்போக வியாபாரியின் லொறி வருவதாக இருந்தது.

"மறைக்காம சொன்னீங்களே, அது போதும். லொறியை வர வேணாம்னு சொல்லிர்றேன். நீங்க பிரிங்க" என்றார்.

பிரித்தேன். ஆறாவது பிஸ்டனில் ஒரு பக்கம் வளையமே இல்லை. ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த ஆணி நகர்ந்து சிலிண்டரையே கீறிக் கிழித்திருக்கும். மனைவியிடம் போய் நின்றேன். "சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

எட்டாம் நாள் காலை எஞ்சின் உறுமியது பாருங்கள், தெருவே கூடிவிட்டது! அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நகருங்க தம்பி, நானே ஓட்டுறேன்" என்றார். பசறை ரோட்டு வளைவுகளில் அவர் கியர் மாற்றிய அழகே அழகு. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து சீட்டில் நான் சின்னப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் காரை உயிர்ப்பித்தது என் கைகள்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஆனால் தப்பை ஒப்புக்கொண்ட அந்த ஒரு போன் அழைப்புதான் என்னை உண்மையான மெக்கானிக் ஆக்கியது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.