ஸ்டேஷன் வாசல் பெஞ்சு

போன மாதம் என் வண்டியின் ஆர்.சி. புக்கைத் தொலைத்துவிட்டேன். தொலைப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. குடை, மூக்குக்கண்ணாடி, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் புதுச் செருப்பு என்று எத்தனையோ தொலைத்திருக்கிறேன். புகார் எழுதிக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், சின்ன வயசு எஸ்.ஐ. அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்கய்யா" என்றார். ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தேன். அப்போதுதான் யாரோ பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இதே ஸ்டேஷனில் அந்தக் காலத்திலும் இருந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் என் கண் தானாக வாசல் பக்கம் போய், அங்கே இல்லாத ஒரு பெஞ்சைத் தேடியது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போய்வருகிற எங்களுக்குப் பக்கமான ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசலில் ஒரு நீளமான வேப்பம்பலகை பெஞ்சு கிடந்தது. ஒரு கால் குட்டை. அதற்கு ஒரு செங்கல் துண்டை அண்டைக் கொடுத்திருப்பார்கள். புகார் கொடுக்க வந்தவர் பெஞ்சில், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் தரையில். இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். ரோட்டில் போகிறவர் ஒரு பார்வையில் யார் மனிதர், யார் குற்றவாளி என்று தெரிந்துகொண்டு போய்விடலாம்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ராஜபாளையத்தில் ஒரு டைப் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டராக இருந்தேன். முப்பது வயது நெருங்கியும் கல்யாணம் பண்ணாமல் ஏன் இருக்கிறேன் என்று ஊரே கேட்டது. காரணம் தெரிந்தவர்கள் ஆறு பேர்தான். அந்த ஆறு பேரும் ஏதோ ஒரு வகையில் என்னைப் போன்றவர்கள். ஆண்களை விரும்பிய ஆண்கள் நாங்கள் நாலு பேர். பெண்ணாகவே வாழ்ந்தும் ஊர் ஆண் என்று பேர் எழுதி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். இன்றைக்குத் திருநங்கை என்று மரியாதையான சொல் இருக்கிறது. அன்றைக்கு ஊரிடம் இருந்த சொற்களை எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் ‘சண்டே பேட்ச்’.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்ஸ்டிடியூட் மூடியிருக்கும், சாவி என்னிடம் இருக்கும். கீழ் வீட்டில் கட்டடத்துச் சொந்தக்காரர் குடியிருந்தார். மாடியில் வகுப்பு நடக்கிறது என்று அவர் நம்ப வேண்டும் இல்லையா? அதனால் எங்களில் ஒருவர் முறைவைத்து மிஷினைத் தட்டிக்கொண்டே இருப்போம். ஒருவர் அழுவார், ஒருவர் சிரிப்பார், பின்னால் டக் டக் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஜான் முறை வந்தால் மட்டும் அதில் தாளம் வரும். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் உதவியாளன், சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல் அவனுடையது. கீழே கட்டடக்காரர் ஒருநாள், "ஞாயித்துக்கிழம பசங்க நல்லா முன்னேறிட்டாங்க மாஸ்டர்" என்றார். ஒருவருக்கும் ஒரு வரி உருப்படியாக அடிக்கத் தெரியாது.

எங்களில் மூத்தவள் தேவகி அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இரண்டு தூக்குப்போணியில் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து, மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு விற்பாள். தேங்காய்ப்பால் மணம் இப்போதும் எங்கே வந்தாலும் எனக்கு விடிகாலை என்றே தோன்றும். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் அவளைத் தினமும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் போணியைத் தட்டிவிட்டு, சேலையைக் கிழித்து, வாயில் குத்தி ஒரு பல்லையும் உடைத்துவிட்டார்கள். அவள் வாயில் ரத்தத்தோடு நேரே ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனாள்.

அவளைத் தரையில் உட்கார வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள், சும்மா சிரித்துக்கொண்டே, அவள் முடியைக் கத்தரித்துவிட்டான். பொது இடத்தில் தொந்தரவு செய்ததாக அவள்மேலேயே கேஸ் எழுதினார்கள்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். அன்றைக்கு இன்ஸ்டிடியூட் திறக்க சைக்கிளில் அந்த வழியாகத்தான் போனேன். தரையில் குத்தவைத்திருந்த தேவகி அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான் சைக்கிளை மிதித்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை, வெட்கத்தைத் தவிர.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். முக்காடு போடவில்லை. கட்டையாகிப் போன முடியில் பூ நிற்காது என்று, ஜாக்கெட்டின் பின்கழுத்தில் ஊக்குக் குத்தி ஒரு முழம் கனகாம்பரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். பார்த்ததும் எங்களுக்கு அழுகை வந்தது.

"எழவு வீடா இது? டைப் அடிக்க யாருமில்ல, கீழ சத்தம் கேக்காண்டாமா? மாஸ்டர், பேப்பரை மாட்டு. மனு எழுதணும்" என்றாள்.

ஜான் மனுவைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும், புகார் கொடுக்க வந்தால் தரையில் உட்கார வைக்கக் கூடாது, முடியில் கை வைக்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் பள்ளிக்கூட லீவு லெட்டர் பழக்கத்தில், "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்தான்.

"கீழ்ப்படிஞ்சதுக்குத்தான் கீழ உக்கார வச்சாங்க. அந்த வரியை எடு" என்றாள் தேவகி அக்கா.

எடுத்தோம். ஏழு பேரும் சொந்தப் பேரில் கையெழுத்துப் போட்டோம். அவள் தேவகி என்றே போட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம், ரோடு நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து. அப்படிப் போகச் சொன்னதும் அவள்தான். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டையா மனுவை வாங்கிப் புரட்டினார். பின்பக்கம் முழுக்க எழுத்துகள் இடவலம் மாறிக் கிடந்தன. நகலைப் பிரித்தார். வெள்ளைத் தாள்.

கார்பன் தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன்! மைப்பக்கம் மேலே இருந்தால் எழுத்து நகலில் விழாது, மேல்தாளின் முதுகில்தான் விழும். முதல் வாரம் சேர்ந்த பிள்ளை செய்கிற தப்பு அது. அப்படிச் செய்த பிள்ளைகளை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்! அவசரத்தில் பார்க்காமலே மடித்து உறையில் போட்டிருந்தேன்.

"நகல்லதான் சீல் வைக்க முடியும். போயி அடிச்சுட்டு வாங்க" என்றார் ஏட்டையா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"போனா வரமாட்டோம்னுதானய்யா போகச் சொல்லுதிய?" என்றாள் தேவகி அக்கா. "வெள்ளத் தாளு இருக்கு, உங்க கையில பேனா இருக்கு. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

"ஏலே, இங்க வந்து எனக்கே..."

"பல்லு ஒடஞ்சது எனக்கு. சொல்லாமப் போக மாட்டேன்."

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். புதிதாக மாற்றலில் வந்தவர். எங்கள் ஏழு பேரையும், வாசலில் கூட ஆரம்பித்த கூட்டத்தையும், அவள் பின்கழுத்தில் தொங்கிய பூவையும் பார்த்தார். "எழுதிக் குடுத்து அனுப்புங்கய்யா" என்றுவிட்டு உள்ளே போனார். நல்லவரா, கூட்டத்துக்குப் பயந்தவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏட்டையாவுக்கு முழங்கால் வலி. நின்றுகொண்டு எவ்வளவு நேரம் எழுதுவார்? பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்தார். அவள் மேலே நின்று சொன்னது அவர் காதில் விழவில்லை. "செத்த உக்காந்துதான் சொல்லேன்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பெஞ்சில்.

ஜான் உட்கார்ந்தான். மற்றவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். எதிர் டீக்கடையில் என்னிடம் டைப் படிக்கிற பெண்ணின் அப்பா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவகி அக்கா சொல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே மாஸ்டர், உக்காருதியா, இல்ல சைக்கிளை எடுக்கியா?"

உட்கார்ந்தேன். அரைப் பிட்டம்தான் பெஞ்சில், மீதி காற்றில். செங்கல் நழுவி பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடியது, ஏட்டையாவின் பேனா கோணலாக இழுத்தது. சீல் விழுந்தபோது மணி பன்னிரண்டு.

முடியை வெட்டியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவே. எனக்கு இன்றும் அதில் ஆறாத கோபம் உண்டு. ஆனால் மறுவாரத்திலிருந்து முதல் பஸ் வருகிற நேரத்துக்கு ஒரு போலீஸ்காரர் பஸ் ஸ்டாண்டில் நின்றார். நிற்கிறாரா என்று கேட்க நாங்கள் மாதத்தில் ஒரு திங்கள் ஸ்டேஷனுக்குப் போனோம். நிற்காத நாட்களைச் சொன்னோம். மூன்றாவது மாதம் ஏட்டையா தலையைச் சொறிந்துகொண்டு, "ஒன்னைய எப்படித்தான் கூப்பிட?" என்று கேட்டார்.

"உங்கள விட மூத்த பொம்பளையள எப்படிக் கூப்பிடுவிய?"

"அக்கான்னு."

"எனக்குத் தனியா ஒண்ணு எதுக்குய்யா?"

டீக்கடையில் பார்த்தவர் சும்மா இருப்பாரா? இரண்டு பெண்களை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். இன்ஸ்டிடியூட் முதலாளி சாவியைத் திருப்பிக் கேட்டார், வேலையும் போயிற்று. பிறகு நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் மரத்தடியில் மிஷின் போட்டு மனு அடித்துப் பிழைத்தேன், கார்பனை இரண்டு தடவை பார்த்து வைத்து. சண்டே பேட்ச் கூடிப் பேச இனி இடமில்லையே என்று புலம்பினேன்.

"இடமா இல்ல? பெஞ்சு கெடக்குல்லா" என்றாள் தேவகி அக்கா.

சத்தியமாக, ஆறேழு வருஷம் எங்கள் கூட்டம் ஸ்டேஷன் வாசலில்தான் நடந்தது. பின்னால் டைப் அடிக்க ஆளே தேவைப்படவில்லை. சத்தமாகவே பேசினோம், சத்தமாகவே சிரித்தோம்.

இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. ஜான் வேலை மாறி வெளியூர் போனவன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் பண்ணுவான். ஏட்டையா ரிட்டயராகி, போயும்விட்டார். தேவகி அக்காவைச் சர்க்கரை கொண்டுபோனது. கடைசியில் இடுப்பளவு முடி வைத்திருந்தாள், பாதி நரைத்து. பெஞ்சு எங்கே என்று எஸ்.ஐ. அம்மாவிடம் கேட்டேன். "எந்த பெஞ்சு?" என்றார்.

என் புகாரில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார். எழுந்திருக்கப் போனேன். அந்த நேரம் ஒரு திருநங்கைப் பெண் உள்ளே வந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் போன் திருட்டுப் போய்விட்டதாம். தரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நாற்காலிக்கு வந்து, "செத்த தள்ளி உக்காருங்க தாத்தா" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன். என் வேலை முடிந்திருந்தது. ஆனாலும் அவள் மனுவில் சீல் விழுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.