இரண்டு நாள் நல்ல வெயில்

டப்ளின், கலிஃபோர்னியா. 1998 அக்டோபர்.

நண்பன் முரளி வீட்டுக் கொல்லையில் வெள்ளை வேட்டியின் மேல் கஞ்சாப் பூக்கள் காய்கின்றன. கையில் குச்சியோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், காக்கா வந்தால் விரட்ட.

அவன் மனைவி விஜிக்கு கீமோ நடக்கிறது. ஒரு வாய் சோறு வயிற்றில் தங்குவதில்லை. கஞ்சா குமட்டலை அடக்கும் என்று டாக்டர் கடிதம் கொடுத்ததால் முரளி நான்கு செடி வளர்த்தான். பூவின் வெள்ளை இழைகள் பழுப்பாகட்டும் என்று, தினமும் லென்ஸ் வைத்துப் பார்த்து, மூன்று வாரம் பொறுத்து அறுத்தான். கராஜில் தொங்கவிட்டுவிட்டு ஆபீஸ் வேலையாக லாஸ் ஏஞ்சல்ஸ் போனான். டெக்சஸ் ரிச்சர்ட்சனிலிருந்து அவர்களைப் பார்க்க வந்த எனக்கு, இருட்டில் பூசணம் பிடித்துவிடுமோ என்று பயம். அம்மா வற்றல் போடுவதைப் போல வெயிலில் பரப்பிவிட்டேன்.

முரளி கார் சாவியோடு நேரே கொல்லைக்கு வருகிறான். ஒரு பூவை எடுத்துக் கசக்கி முகர்கிறான். வைக்கோல் நிறத்தில் பொடியாக உதிர்கிறது.

"வெயில்ல வெச்சா எஃபெக்ட் போயிடும்டா. நிழல்லதான் மெதுவா ட்ரை பண்ணணும்."

"போன் பண்ணிக் கேட்டிருக்கணும்டா. எனக்குத் தோணல."

"அடுத்த கீமோ வியாழக்கிழமை," என்கிறான். திட்டியிருந்தால் தேவலை.

விஜி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "விடுங்க. அண்ணா ரெண்டு நாளா இந்த இடத்தை விட்டு நகரல. ஒரு காக்காகூட கிட்ட வரல."

குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.