கந்தர்வக்கோட்டை ஆட்டுக்கிடையில் எட்டுப் படங்கள்

யுத்தம் வந்த பிறகு பிலிம் சுருள் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. திருச்சியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், சென்ற மாசி மாதம் ஒரே ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். எட்டுப் படம் எடுக்கலாம். தந்தி ஆபீசில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, வெகுநாளாக ஆசைப்பட்ட ஆட்டுக்கிடையைப் படம் பிடிக்கக் கிளம்பினேன். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக இரவெல்லாம் ஆடுகளைப் பட்டியில் அடைத்து வைப்பார்கள். காலையில் பட்டியைத் திறக்கும் நேரம்தான் பார்க்க வேண்டியது.

புதுக்கோட்டை வரை ரயில். அங்கிருந்து கந்தர்வக்கோட்டைக்குப் பதினெட்டு மைல், பஸ் சார்ஜ் ஆறணா. பெட்ரோல் தட்டுப்பாட்டால் இப்போது கரி பஸ்தான். கிளம்பும் முன் கிளீனர் அரை மணி நேரம் அடுப்பை மூட்டினார். மேடு வந்தபோதெல்லாம் நாங்கள் இறங்கி நடந்தோம். (வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.) இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிழக்கே ஒன்றரை மைல் நடந்தேன்.

கிடைக்காரர் அடுத்த வயலுக்குப் பேசி முடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி முத்தம்மாள் மட்டும் இருந்தார். நாற்பது வயதிருக்கும். படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"ஆட்டைத்தானே? எடுங்க. வெரட்டாம எடுங்க."

ஆறே முக்காலுக்குப் பட்டி வாசலில் இருந்த மூங்கில் படலை விலக்கினார். இருநூறு ஆடுகளும் முட்டி மோதிக்கொண்டு வெளியே வர, வெயில் பட்ட புழுதி இடுப்பளவுக்கு எழுந்தது. அவசரப்படாமல் ஆறு படம் எடுத்தேன். ஏழாவதற்குக் குட்டிகளைக் கிட்டத்தில் பிடிக்க ஆசை. என் பெட்டிக் காமிராவை வயிற்றோடு வைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிந்தபடியே முன்னே நடந்தேன்.

"ஏங்க, அங்கிட்டுப் போகாதீங்க! கெணறு கெடக்கு!"

நான் நின்றேன். ஆனால் எனக்கு மிரண்டு பின்வாங்கிய குட்டிகளில் ஒன்று நிற்கவில்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும், சுற்றுச்சுவர் இல்லாத கமலைக் கிணறு. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் கிணற்றடிக்கு ஓடினேன்.

முத்தம்மாள் ஓடி வந்தார். கிணற்றடியில் கிடந்த கமலை வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"நான் இறங்குறேன்" என்றேன்.

"ஒங்களுக்கு அதைப் புடிக்கத் தெரியுமா? கயித்த விடாம நில்லுங்க, போதும்."

காமிராவை வரப்பில் போட்டுவிட்டு வடத்தை இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே தாய் ஆடு கத்திக்கொண்டே கிணற்றைச் சுற்றியது. படிக்கல்லில் கால் வைத்து அவர் ஏறி வந்தபோது, தோளில் குட்டி துணிபோலத் தொங்கியது. பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக இரண்டு வீச்சு வீசினார். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. குட்டி தும்மியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் துண்டால் துடைத்து, தாயிடம் விட்டோம். முட்டி முட்டிப் பால் குடித்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"பொழைச்சிருச்சுல்ல. மிச்சத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அவரையே நிற்கச் சொல்லி ஏழையும் எட்டையும் எடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல மாதங்கள். வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். மந்தைக்குப் பக்கவாட்டில் நடங்கள், எதிரே போகாதீர்கள். கிணறு எங்கே என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் படங்களோடு மறுபடி போனேன். கிடை இரண்டு மைல் வடக்கே மாறியிருந்தது. முத்தம்மாள் நடுவில் நிற்க, சுற்றிலும் ஆடுகள் நிற்கும் எட்டாவது படத்தை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். விரல் ஒவ்வோர் ஆடாக நகர்ந்தது.

"இது செவலை. இது மொட்டைக்காது. இந்தா, இது போன மாசம் குட்டி போட்டவ. எல்லாம் தெளிவா விழுந்திருக்குங்க" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "நான்தான் குறுக்க நின்னு நாலு ஆட்ட மறச்சிட்டேன்."