அம்மாவுக்கு நான் போட்ட வயது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். ரேஷன் கார்டோ கேஸ் இணைப்போ, எதுவானாலும் "அந்தப் புள்ளைகிட்டக் குடு, நிமிசத்துல எழுதிப் போடும்" என்பார்கள். நான் எழுதியதைச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது என்பது அந்த வேலையில் இருந்த தனிச் சுகம்.

அந்தச் சுகத்தில்தான் அம்மாவின் ஆதார் படிவத்தையும் நிரப்பினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. சங்ககிரிக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, ஷிப்ட் நடுவில் ஓடிவந்து முகாமில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறந்த தேதிக்கான கட்டம் வந்தது.

"உனக்கு என்ன வயசும்மா?"

"அதையெல்லாம் ஆரு எண்ணிக்கிட்டிருக்கறா? நீயே பாத்துப் போடு சாமி. தறி நிக்குது, நான் போகோணும்."

பார்த்தேன். நாற்பத்தைந்து சொல்லலாம் போலிருந்தது. அதற்கேற்ற வருடத்தைப் போட்டேன். மாதம் மே, ஏனென்றால் அப்போது எனக்குப் பள்ளி விடுமுறை. தேதி பதினைந்து. நடு மாதத்தில் போட்டால் எந்தப் பக்கம் பிசகினாலும் ரொம்பப் பிசகாது அல்லவா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மடித்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது இருபது, அடுத்த வருடம் நான் பிறந்தேன் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. கூட்டிப் பார்த்தேன். படிவம் நிரப்பிய அன்று அம்மாவுக்கு முப்பத்து மூன்று! மறுபடி கூட்டிப் பார்த்தேன். அப்போதும் முப்பத்து மூன்றுதான் வந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சொல்லவும் முடியாது. வயது விஷயத்தில் அம்மாவுக்கு அப்படி ஒரு கர்வம். நாற்பத்தெட்டிலும் தலையில் ஒரு நரை கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது எங்களைப் பார்த்து "அக்கா தங்கச்சியாட்ட இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் பாயசம். அவளிடம் போய், உனக்குப் பன்னிரண்டு வருடம் கூட்டி எழுதிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

வேலை கிடைத்துக் கையில் கொஞ்சம் சேர்ந்ததும், நான் போட்ட அந்த மே பதினைந்தையே அம்மாவின் பிறந்தநாளாக வைத்து மலேசியா போகலாம் என்றேன். லாரி ஓட்டி ஆறு மாநிலம் பார்த்த அப்பா உடனே கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். தறியில் மீட்டர் பார்த்தவள். நாலு மணி நேரம் விமானத்தில் சும்மா உட்கார்ந்தால் எதையாவது கூட்டிப் பார்ப்பாள். ஆதாரில் நான் போட்ட வருடம்தான் பாஸ்போர்ட்டிலும் ஏறியிருந்தது. அதனால் மூன்று பாஸ்போர்ட்டும் என் கைப்பையிலேயே இருந்தன. "தொலஞ்சிரும்மா" என்றேன். "என்ற மூஞ்சி போட்ட பொஸ்தகத்த நானே பாக்கக் கூடாதா?" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

கோலாலம்பூரில் இறங்கினோம். குடிநுழைவுக் கவுண்டரில் இருந்தவர் தமிழர். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவுடையதைப் பார்த்தார். ஓட்டுநர் உரிமம் எடுத்த காலத்திலேயே அப்பாவின் வயது சரியாகப் பதிவாகிவிட்டது, ஐம்பத்து மூன்று.

"அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? நல்லது, நல்லது" என்று அப்பாவிடம் சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அம்மா வெடித்தாள். "ஏனுங்க, அந்தாளுக்குக் கண்ணு செரியில்லயா? நான் உங்களுக்கு அக்காளா?"

அப்பா விட்டுவிடுவாரா? "ஏனுங்க அக்கா, பை கனக்குதுங்களா?" என்றார். டாக்ஸியில் "அக்கா, சன்னலச் சாத்தட்டுங்களா?" என்றார். ஓட்டலில் அறைக் கதவைத் திறந்து, "வாங்க அக்கா" என்று கும்பிட்டார். அம்மா தலைமுடியை என் மூக்குக்கு முன்னால் பிரித்துக் காட்டி, "ஒரு நரை இருக்குதா, நல்லாப் பாரு சாமி" என்றாள். இல்லை என்று என் பட்டத்தின் மேல் சத்தியம் செய்தேன்.

மறுநாள் பிறந்தநாள். காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது ஓட்டல்காரர்கள் நாலு பேர் பாடிக்கொண்டே கேக்கோடு வந்தார்கள். கேக் வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அறை எடுக்கும்போது வாங்கிய பாஸ்போர்ட் நகலிலிருந்து வயதை அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கேக்கின் மேல் இரண்டு மெழுகுவத்தி எரிந்தது. ஒரு ஆறு, ஒரு பூஜ்யம்.

"அறுவதா? அதென்னது அறுவது?" என்றாள் அம்மா.

"ரூம் நம்பரும்மா."

"நம்ம ரூமு பதினொண்ணாவது மாடியிலல்ல இருக்குது?"

அப்பா இட்லியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெழுகு உருகி ஆறின் வால் கேக்கில் ஒழுகியது.

அம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "அன்னைக்கி நான் உனக்கு அவ்வளவு கெழவியாட்டவா தெரிஞ்சேன்?"

"தலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சும்மா. புருவங்கூட."

"பஞ்சு புள்ள அது! தறியில இருந்து அப்படியே வந்தேன். தூசி தட்டக்கூட நேரமில்ல."

கட்டத்தை நிரப்பும் அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஊரெல்லாம் மெச்சிய கெட்டிக்காரி, அம்மாவின் தலையில் இருந்தது பஞ்சா நரையா என்று பார்க்கவில்லை. அம்மா கத்தியை எடுக்கவில்லை. "எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று கேக்கைத் தள்ளினாள். அப்பாகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

அப்போது பாடியவர்களில் ஒரு பெண், அவளும் தமிழ்தான், குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அறுபதுன்னா நம்பவே முடியலம்மா. பாஸ்போர்ட் நகல ரெண்டு தடவ எடுத்துப் பார்த்தோம். நாப்பத்தி அஞ்சுதான் சொல்லலாம்."

அம்மா அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அறுவதேதானுங்க" என்றாள். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. கேக்கை அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை மேசைக்கும் எடுத்துப்போகச் சொன்னாள், வயதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். பத்துமலை முருகன் கோயில் படிகளில் கைவீசி ஏறி, எதிரே இறங்கி வந்தவர்களிடமெல்லாம் "எனக்கு அறுவதுங்க" என்றாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, ஏழு வருசம் மூத்தவ நானே ஏறறேன், உங்களுக்கென்ன? அந்தப் பையையும் தூக்கிட்டு வாங்க" என்றாள். அப்பா "வாரேனுங்க அக்கா" என்றார். இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

ஊருக்கு வந்ததும் ஆதார் திருத்தப் படிவத்தோடு அம்மா முன்னால் போய் நின்றேன்.

"மாசம் மட்டும் மாத்திப் போடு. நான் மாசியில பொறந்தவ" என்றாள். "வருசத்துல கைய வெச்ச, தொலச்சுப்போடுவேன்."